செகண்ட் ஹேண்ட் வேலை வண்டி: கேளுங்க, சொல்றேன்

கும்பகோணம் பக்கம் ஒர்க் ஷாப் வச்சிருக்கேன். குட்டி யானை, தோஸ்த், ஈகோ, ஆம்னி, பொலிரோ பிக்கப், இதெல்லாம்தான் தினமும் என் கையில வர்றது. பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஆசாரி, வெல்டர், மோட்டார் இறக்கி ஏத்துறவங்க கேளுங்க. கேக்குறப்ப என்ன தொழில், என்ன சாமான் ஏத்துவீங்கன்னு சேர்த்துச் சொல்லுங்க.

எலக்ட்ரீஷியன், மன்னார்குடி: அண்ணே, வயர் சுருள், டிரில்லிங் மெஷின், ஏணி, கூட ரெண்டு பசங்க. ஆம்னியா, ஈகோவா?

ஈகோ. ஆம்னி தயாரிப்பை 2019-லயே நிறுத்திட்டாங்க. கடைசி வண்டிக்கே வயசாயிடுச்சு. 796 சிசி இன்ஜின், ரெண்டு பசங்களையும் சாமானையும் ஏத்திக்கிட்டு பாலம் ஏறும்போது திணறும். ஈகோ 1.2 லிட்டர், அந்தக் கஷ்டம் இல்ல. ரெண்டுக்கும் இன்ஜின் முன் சீட்டுக்குக் கீழதான், அதனால சீட்டைத் தூக்கி ஆயில் கசிவு பாக்காம வராதீங்க. ஓட்டிப் பாக்குறப்ப ரேடியோவ அணைச்சுடுங்க. அறுபதுல போறப்ப தரையில அதிர்வு வந்தா புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ், அதாவது பின்சக்கரத்துக்கு இழுவை கொடுக்குற தண்டோட மூட்டு, போயிருக்கு. பின்னாடி இருந்து ஊளைச் சத்தம் வந்தா கிரவுன், அதாவது பின் அச்சுல இருக்க பல்சக்கரம். கிராஸ் சின்னச் செலவு, கிரவுன் பெருஞ்செலவு. கேஸ் வண்டின்னா சிஎன்ஜி சிலிண்டருக்கு மூணு வருஷத்துக்கு ஒருதடவை ஹைட்ரோ டெஸ்ட் செய்யணும், அந்தச் சான்றிதழை வாங்கிப் பாருங்க.

பிளம்பர், திருத்துறைப்பூண்டி: 2014 குட்டி யானை, நாகப்பட்டினம் வண்டி. 60 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. அடியில எல்லாம் புதுசா கறுப்பு பெயிண்ட் அடிச்சு பளபளன்னு இருக்கு. வாங்கலாமா சார்?

தம்பி, அந்தப் பளபளப்புதான் எனக்குப் பயமா இருக்கு. நம்ம டெல்டாவுல ஒரு வண்டி எவ்வளவு ஓடுச்சுங்கிறதைவிட எதை ஏத்துச்சுங்கிறதுதான் முக்கியம். மூணு சரக்கு வண்டியைத் தின்னும்: மீன், உப்பு, உரம். மீன் பெட்டியில இருந்து ஐஸ் தண்ணி உப்போட வடிஞ்சு தொட்டி ஓட்டை வழியா சேஸிஸ்ல இறங்கும். வேதாரண்யம் உப்பளத்துல ஓடுன வண்டிக்குச் சொல்லவே வேணாம். யூரியா, பொட்டாஷ் சிந்துன தொட்டியில ஈரம் பட்டா அதுவும் அரிக்கும், இது பலருக்குத் தெரியாது.

என்ன செய்யணும்னா, வண்டியை ஒரு சர்வீஸ் ஸ்டேஷன்ல தூக்கச் சொல்லுங்க. பின் பட்டை ஸ்பிரிங்கைத் தாங்குற பிராக்கெட் சேஸிஸோட சேர்ற இடத்துல ஸ்குரூ டிரைவரால அழுத்திக் குத்துங்க. நல்ல இரும்பு டங்குன்னு சத்தம் கொடுக்கும். போன இரும்பு மந்தமா சத்தம் போட்டு, பெயிண்டோட சேர்ந்து அப்பளமா நொறுங்கும். அடுத்தது சேஸிஸ் ஓரமா பின்சக்கரத்துக்குப் போற பிரேக் பைப். அது மேல துணியை வச்சுத் துடைச்சுப் பாருங்க, செதில் செதிலா வந்தா உயிருக்கே ஆபத்து. பிரேக் மிதிக்கிறப்ப அந்தப் பைப் வெடிச்சா பெடல் தரைக்குப் போயிடும். இன்ஜின் போனா செய்யலாம், கிளட்ச் போனா மாத்தலாம். சேஸிஸ் போன வண்டியை நான் யாரையும் வாங்கச் சொல்லமாட்டேன்.

விக்கிறவர் தூக்க விடலைன்னா அப்படியே கிளம்பி வந்துடுங்க.

வெல்டர், நாகப்பட்டினம்: எங்கப்பா இருபது வருஷமா மீன் வண்டி ஓட்டுறார். தினமும் ராத்திரி நல்ல தண்ணி ஊத்திக் கழுவிட்டுத்தான் சாப்பிடவே உக்காருவார். எல்லா மீன் வண்டியையும் ஒரேயடியா ஒதுக்கிட்டீங்க. எங்க வண்டியை வந்து பாருங்க.

உங்கப்பா மாதிரி ஆளுங்க இருக்காங்க, அவங்க வண்டியை நானே நல்ல விலை சொல்லி வித்துக் கொடுத்திருக்கேன். ஆனா வாங்குறவனுக்கு எந்த வண்டி யார் கழுவுனதுன்னு எப்படித் தெரியும்? கழுவுற ஆளோட வண்டியும் அந்த ஸ்குரூ டிரைவர் சோதனையில ஜெயிச்சுடும். அதனால அவருக்கு நஷ்டமில்ல. ஒதுக்கச் சொல்லலை, குத்திப் பாக்கச் சொல்றேன்.

ஆசாரி, வேதாரண்யம்: நாகை அண்ணன் சொல்றது சரி. கழிவு ஆயிலை அடியில அடிச்சு விட்டா துருவே பிடிக்காது. நாங்க அப்படித்தான் செய்றோம்.

இதுக்கு நான் ஒத்துக்கவே மாட்டேன். கழிவு ஆயில் ரப்பர் புஷ்ஷை ஊறவச்சுக் கெடுக்கும், பிரேக் பக்கம் பட்டா வம்பு, மேல படியுற மண் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். ஏற்கெனவே துரு இருந்தா அதை மூடி மறைக்கவும் செய்யும். சொந்த வண்டின்னா நல்லா கழுவி, ரெண்டு நாள் காயவச்சு, துருவைச் சுரண்டிட்டு முறையா அண்டர்கோட்டிங் அடிங்க.

வெல்டர், நாகப்பட்டினம்: துரு பிடிச்ச பிராக்கெட்டுக்கு நான் இரும்புத் துண்டு வச்சு வெல்டிங் அடிச்சுக் கொடுத்திருக்கேனே, நிக்குதே?

வெல்டிங் நிக்கும். பக்கத்துல இருக்க மெலிஞ்ச தகடு நிக்காது, அடுத்த லோடுல அங்க கிழியும். உங்க கைவேலையில குறை சொல்லலை, தகட்டைத்தான் சொல்றேன். இதோட இந்தப் பேச்சை நிறுத்திக்குவோம், மத்தவங்க காத்திருக்காங்க.

பெயிண்டர், திருவாரூர்: எத்தனை கிலோமீட்டர் வரைக்கும் ஓடுன வண்டி வாங்கலாம்?

மேல படிங்க. மீட்டரைத் திருப்பிடலாம். பெடல் ரப்பர் தேஞ்சிருக்கான்னு பாருங்க, பின் ஸ்பிரிங்ல பட்டை கூடுதலா சொருகியிருக்கான்னு எண்ணுங்க. கூட்டியிருந்தா ஓவர்லோடு அடிச்ச வண்டி.

போர் மோட்டார் மெக்கானிக், பாபநாசம்: 20 அடி பைப், செயின் பிளாக், மோட்டார். குட்டி யானை தாங்குமா?

எடையைத் தாங்கலாம், உங்க அவசரத்தைத் தாங்காது. பழைய குட்டி யானை டீசல் ரெண்டு சிலிண்டர், 702 சிசி. உங்களுக்கு தோஸ்த் சரி: மூணு சிலிண்டர் 1.5 லிட்டர், ஒண்ணேகால் டன் இழுக்கும். 20 அடி பைப் எந்தச் சின்ன வண்டித் தொட்டியிலயும் அடங்காது. கேபினுக்கு மேல ஸ்டாண்ட் அடிச்சு வச்சுக்கங்க, பின்னாடி நீட்டிக்கிட்டு ராத்திரி போகாதீங்க. அது பின்னால வர்ற பைக்காரன் உயிர்.

டைல்ஸ் வேலை, பேரளம்: காரைக்கால்ல பிஒய் 02 வண்டி மலிவா கிடைக்குது அண்ணே.

மலிவுதான், ஆனா அது வேற மாநிலத்துக் கணக்கு. அங்க ஆர்டிஓ ஆபீஸ்ல என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று (ஃபார்ம் 28), வாங்கி, இங்க வரி கட்டி டிஎன் நம்பர் வாங்கணும். அந்தச் செலவைக் கூட்டிட்டு மலிவான்னு பாருங்க. காரைக்காலும் கடலோரம்தான், ஸ்குரூ டிரைவரை மறக்காதீங்க.

ஏசி மெக்கானிக், தஞ்சாவூர்: பேர் மாத்துறதைப் பிறகு பாத்துக்கலாம்னு புரோக்கர் சொல்றார்.

கூடாது. ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து வாங்கி அன்னிக்கே வேலையை ஆரம்பிங்க. ஃபைனான்ஸ் இருந்த வண்டின்னா கடன் தீர்ந்ததைக் காட்டுற ஃபார்ம் 35-ம், ஃபைனான்ஸ் கம்பெனி என்ஓசியும் கையில வந்தப்புறம்தான் முழுப் பணம். விக்கிறவங்களும் கேட்டுக்கங்க: ஆர்சியில யார் பேர் இருக்கோ அவங்கதான் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்புன்னு உச்ச நீதிமன்றம் 2018-ல தீர்ப்பு சொல்லியிருக்கு. எஃப்சி, அதாவது வண்டி தகுதிச் சான்று, அதோட தேதியையும் பரிவாகன் ஆப்ல பாருங்க. மஞ்சள் போர்டு வண்டி எட்டு வருஷம் தாண்டுனா வருஷா வருஷம் எஃப்சி.

மேஸ்திரி, ஒரத்தநாடு: கார் லைசென்ஸ் வச்சு குட்டி யானை ஓட்டலாமா?

ஓட்டலாம். வண்டியும் லோடும் சேர்ந்து 7,500 கிலோவுக்குள்ளன்னா கார் ஓட்டுற எல்எம்வி லைசென்ஸ் போதும், 2024 நவம்பர்லயும் உச்ச நீதிமன்றம் அதை உறுதி பண்ணிடுச்சு.

டைலர், மயிலாடுதுறை: ஸ்விஃப்ட் வாங்கலாம்னு இருக்கேன்...

கார் பாக்குற மெக்கானிக்கைக் கேளுங்க.

கார்பென்டர், நன்னிலம்: எத்தனை கிலோமீட்டர்...

திருவாரூர் பெயிண்டருக்குச் சொன்னதுதான்.

பிளம்பர், வலங்கைமான்: நாளைக்குக் காலையில ஒரு தோஸ்த் பாக்கப் போறேன். வெள்ளத்துல நின்ன வண்டியான்னு கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க, உள்பக்கம் சேத்துக் கோடு இருக்கும். சீட்டுத் தண்டவாளத்துல துரு, ஃபியூஸ் பாக்ஸ் மூலையில காஞ்ச வண்டல், இதெல்லாம் கழுவுனாலும் போகாது. கியர் ஆயில் வெளுத்துக் கலங்கலா இருந்தா தண்ணி போயிருக்கு. இன்னொண்ணு, இன்னிக்கு ராத்திரியே போன் போட்டு "நான் வர்றவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லிடுங்க. ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்றப்பதான் கோளாறு தெரியும். போனதும் முதல் வேலையா இன்ஜின்ல கை வைங்க. சூடா இருந்தா ஆறுற வரைக்கும் உக்காந்திருந்து, அப்புறம் நீங்களே சாவியைத் திருப்புங்க.