ஒடுகத்தூர் தோட்டத்துக்கு எந்த சைடு-பை-சைடு வண்டி?

ஒடுகத்தூர் பக்கம் மலையடியில் சொந்தத் தோட்டம், கல்லும் மேடுமான பாதை, இருவர் அருகருகே உட்கார்ந்து கரடுமுரடான பாதையில் ஓட்டும் நாலுசக்கர சைடு-பை-சைடு வண்டி எது வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பாதையின் குறுகலான இடத்தை அளந்து பாருங்கள். குதிரைசக்தி எல்லாம் அப்புறம்தான். போலாரிஸ் கம்பெனியின் ஆர்இசட்ஆர் வண்டியிலேயே டிரெயில் ரகம் 50 அங்குல அகலம், எக்ஸ்பி 1000 ரகம் 64 அங்குலம். இரண்டு புளியமரத்துக்கு நடுவே பெரியது மாட்டிக்கொள்ளும். ஆனால் பக்கச் சரிவில் குறுகிய வண்டிதான் சீக்கிரம் கவிழும். அகலம் இடம்கொடுத்தால் அகலமானதையே எடுங்கள்.

அடுத்தது பெல்ட். இவற்றில் பெரும்பாலானவை சிவிடி பெல்ட்டில், அதாவது ஸ்கூட்டர் மாதிரி எஞ்சின் சக்தியைப் பெல்ட் வழியாகச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் முறையில் ஓடுபவை. ஏற்றத்தில் மெதுவாக ஊரும்போது ஹை கியரில் வைத்தால் பெல்ட் வழுக்கிச் சூடாகி அறுந்துவிடும். நம்ம வேலூர் வெயிலில் கேட்கவே வேண்டாம். லோ கியர் போடுங்கள், மாற்று பெல்ட் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். ஹோண்டா டேலனில் பெல்ட் கிடையாது, கியர்தான். இறக்கத்துக்கு எஞ்சின் பிரேக்கிங் (ஆக்ஸிலேட்டரை விட்டதும் எஞ்சினே வண்டியின் வேகத்தைக் குறைப்பது) இருக்கிறதா என்றும் கேளுங்கள். உரமூட்டை ஏற்றுவதானால் போலாரிஸ் ரேஞ்சர் போன்ற, பின்னால் சரக்குத் தொட்டி வைத்த வண்டிதான் சரி.

சாலையில் ஓட்டப் பதிவு எண் பெரும்பாலும் கிடைக்காது, பிக்கப்பில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ஜவ்வாது மலைக் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் வனத்துறை வழக்குப் போடும். சர்வீஸும் உதிரிபாகமும் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.