வாயில் வெள்ளைத் திட்டு: எண்ணெய் கொப்பளித்தால் போதுமா?

கேள்வி: புகையிலை போடும் என் தந்தையின் கன்னத்தின் உட்புறத்தில், சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு இருக்கிறது. மருத்துவர் பயாப்சி (சிறு சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனை) செய்யச் சொல்கிறார். நல்லெண்ணெய் கொப்பளித்தால் போதாதா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: போதாது, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். எண்ணெய் கொப்பளிப்பது பற்களில் படியும் அழுக்கை ஓரளவு குறைக்கலாமே தவிர, திட்டிலுள்ள செல்கள் புற்றுநோயை நோக்கி மாறத் தொடங்கியிருக்கின்றனவா என்பதை அதனால் அறியவும் முடியாது, தடுக்கவும் முடியாது. மரத்துப்போக ஊசி போட்டு எடுக்கும் சிறு சதைத் துணுக்கை 10 சதவீத ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, 4 அல்லது 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் சீவி, ஹீமடாக்சிலின், ஈயோசின் சாயங்கள் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் அது தெரியவரும். சென்னை கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியை நீங்கள் அணுகலாம். முடிவு எதுவானாலும், புகையிலையை அவர் இன்றே விட வேண்டும்.