நண்பரின் நிலத்தில் நானே கட்டிய கேபின்: காலி செய்ய வேண்டுமா?

கேள்வி: என் நண்பரின் நிலத்தில் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் சிறிய மரக் கேபின் ஒன்றை நானே கட்டினேன். "பிடித்த இடத்தில் கட்டிக்கோ, ஆயுசுக்கும் இருந்துக்கோ" என்று சொன்னார். பத்திரம் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. கல் தூண்கள் மேல் மரச்சட்டம், தகரக் கூரை, மழைநீர்த் தொட்டி, சோலார், பேட்டரி, உரக் கழிப்பறை என்று எல்லாம் என் கை வேலை. மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு எதுவும் வாங்கவில்லை. போன ஆண்டு நண்பர் இறந்துவிட்டார். நான் தூக்கி வளர்த்த அவர் மகள், நிலத்தை விற்கப்போவதாகவும் 30 நாளில் காலி செய்ய வேண்டும் என்றும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொரு சட்டத்தையும் தோளில் சுமந்து ஏற்றியவன் நான். கோபத்தில், "போல்ட்டைக் கழற்றி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன்" என்று அவளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டேன். இத்தனை ஆண்டு இருந்ததால் நிலத்தில் எனக்கு உரிமை உண்டா? தடையுத்தரவு வாங்க முடியுமா?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் அந்தப் பெண் நன்றியோடு நடந்துகொண்டாளா என்று எந்த நீதிமன்றமும் கேட்கப்போவதில்லை. நீங்கள் எழுதியதில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: "கட்டிக்கோ, ஆயுசுக்கும் இருந்துக்கோ." அவர் எதற்கு அனுமதி கொடுத்தார், அதை நம்பி நீங்கள் கட்டியது நிரந்தரக் கட்டுமானமா, இதை வைத்துத்தான் உங்கள் வழக்கு நிற்கும் அல்லது விழும்.

முதலில் ஒன்பது ஆண்டுக் கணக்கை விட்டுவிடுங்கள். எதிர் அனுபவப் பாத்தியத்துக்கு, அதாவது உரிமையாளரின் உரிமையை மறுத்து நீண்ட காலம் இடத்தை வைத்திருந்ததால் கிடைக்கும் உரிமைக்கு, 12 ஆண்டு வேண்டும், உங்களுக்கு அது இல்லை. இருபது ஆண்டு இருந்திருந்தாலும் பயனில்லை. உரிமையாளரின் அனுமதியோடு உள்ளே வந்தவரின் அனுபவம் எத்தனை காலம் ஆனாலும் அந்த உரிமையாளருக்கு எதிரான அனுபவமாக மாறாது. பதில் நோட்டீஸில் "நிலம் எனக்கே பாத்தியம்" என்று ஒரு வரி எழுதினாலும், உங்களிடம் இருக்கும் ஒரே நல்ல வாதத்தை நீங்களே வெட்டிவிடுகிறீர்கள். அனுமதியை வைத்து வழக்காடுபவர் அனுமதி கொடுத்தவரின் உரிமையை மறுக்க முடியாது.

அந்த நல்ல வாதம் 1882-ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மென்ட் சட்டத்தில் இருக்கிறது. உங்களுக்குக் கிடைத்தது வெறும் அனுமதி, அதாவது லைசென்ஸ். கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறலாம் என்பதுதான் பொது விதி. ஆனால் 60-ஆம் பிரிவின் (பி) உட்பிரிவு ஒரு விலக்குத் தருகிறது: அனுமதியின் பேரில் நடந்து, நிரந்தரத் தன்மையுள்ள வேலையைச் செய்து, அதற்குச் செலவும் செய்திருந்தால் அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. ஒரு பள்ளிக்கூட நிலம் பற்றிய 1987-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்த மூன்றையும் எடுத்துச் சொல்லி, நிரூபிக்கும் பொறுப்பு அனுமதி பெற்றவருடையது என்றது. அந்தப் பள்ளி ஜெயித்தது.

இனி, இந்த மாதிரி வழக்குகளில் ஆட்கள் விழும் பள்ளத்துக்கு வருகிறேன்.

போல்ட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகிற கட்டடம் நிரந்தரக் கட்டுமானமா? இதை எதிர்த்தரப்பு வக்கீல் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அவர் தாக்கல் செய்யும் முதல் ஆவணம் அந்த வாட்ஸ்அப் செய்தியாகத்தான் இருக்கும். மரக் கேபின் கட்டுபவர்கள் ஏறக்குறைய எல்லோருமே இந்த இடத்தில் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைக்கிறார்கள். நிரந்தரம், அதனால் என்னைக் காலி செய்ய முடியாது என்று ஒரு பத்தி. தற்காலிகம், அதனால் பெயர்த்து எடுத்துக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு என்று அடுத்த பத்தி. மாற்று வாதமாக இரண்டையும் எழுதச் சட்டம் இடம் கொடுக்கிறது, சரி. ஆனால் கூண்டில் ஏறி நிற்கப்போவது நீங்கள். "இந்தத் தூண் பூமிக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் ஒரு பதில்தான் சொல்ல முடியும். குழி தோண்டி, கான்கிரீட் போட்டு ஊன்றியிருந்தால் நிரந்தரம் என்று வாதாடலாம். தட்டைக் கல் மேல் சும்மா உட்கார்ந்திருந்தால் அந்த வாதம் மெலிந்துவிடும். போய்ப் பாருங்கள், அளவோடு படம் எடுங்கள். நிரந்தரமா, தற்காலிகமா, எந்த வாதம் என்பதை உங்கள் தூண்கள்தான் முடிவு செய்யும். அதற்கு முன் யாருக்கும் ஒரு வரி எழுதாதீர்கள்.

இரண்டாவது பள்ளம் கட்டட அனுமதி. இணைப்பு எதுவும் வாங்காததால் அனுமதியும் தேவையில்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. கட்டடத்துக்கான அனுமதி வேறு, கரண்டுக்கான விண்ணப்பம் வேறு. நீங்கள் நீதிமன்றத்தில் "இது நிரந்தரக் கட்டடம்" என்று சத்தியம் செய்த மறுநாள், அதே வாக்குமூலத்தின் நகலோடு அனுமதியில்லாத கட்டடம் என்று உள்ளாட்சி அலுவலகத்துக்கு ஒரு புகார் போகும். அதைச் சரிசெய்ய விண்ணப்பிக்கலாம் என்றால் நிலத்தின் உரிமையாளர் கையெழுத்து வேண்டும். உங்களைக் காலி செய்யச் சொல்பவரே அவர்தான். இதை யோசிக்காமல் பிராது போட்டு, சிவில் வழக்கு வாய்தாவில் கிடக்கும்போதே இடிப்பு நோட்டீஸ் கையில் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, சாட்சியம். வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை, தண்ணீர் வரி, இவைதான் ஒருவர் ஓர் இடத்தில் இருந்ததற்கு நீதிமன்றம் வழக்கமாகத் தேடும் காகிதங்கள். எதோடும் இணையாமல் வாழ்ந்ததில் உங்களுக்கு எவ்வளவு மனநிறைவு இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அதனாலேயே உங்கள் பெயரில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. மர வியாபாரியின் பில், சோலார் வாங்கிய ரசீது, தேதியோடு இருக்கும் படங்கள், கூரை ஏற்ற உதவிய ஆட்கள், இதெல்லாம்தான் உங்கள் ஆதாரம். நண்பர் போனில் ஏதாவது எழுதியிருந்தால் அதுவே முதன்மை. "கூரை போட்டாச்சா?" என்று ஒரு செய்தி இருந்தால்கூட, கட்டுவது அவருக்குத் தெரியும் என்பதற்கு அது சாட்சி. 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழோடுதான் அதைத் தாக்கல் செய்ய முடியும். அதனால் போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள், கோபமாக எழுதியதையும்தான்.

இன்னொன்று, இரவோடு இரவாகப் பெயர்க்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பூமியோடு பொருந்தியிருக்கும் வரை திருட்டுக்கு ஆளாக முடியாத பொருள், பெயர்த்த கணமே அசையும் பொருளாகிவிடுகிறது, திருட்டுப் புகாருக்கும் இடமாகிவிடுகிறது. கட்டியவர் நீங்கள் என்பது பின்னால் நல்ல எதிர்வாதம்தான், ஆனால் காவல் நிலையத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்லும் நிலை உங்களுக்கு வேண்டாம். சோலார், பேட்டரி, அடுப்பு, சாமான்கள் விஷயத்தில் சிக்கல் குறைவு. அனுமதி ரத்தானாலும் வெளியேறவும் சாமான்களை எடுக்கவும் நியாயமான கால அவகாசம் ஈஸ்மென்ட் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் இருக்கிறது.

இவ்வளவையும் தாண்டி ஜெயித்தீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். கையில் என்ன இருக்கும்? இருந்துகொள்ளும் உரிமை மட்டும். அதை விற்க முடியாது, பிள்ளைகளுக்குக் கைமாற்ற முடியாது, அதைக் காட்டிக் கடன் வாங்க முடியாது. கேபினுக்குப் போகும் பாதை பற்றித் தனிச் சண்டை வரும். நிலம் கைமாறினால், முகம் தெரியாத புது உரிமையாளரோடு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சாதாரண லைசென்ஸ், நிலத்தை வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது என்று அதே ஈஸ்மென்ட் சட்டத்தின் 59-ஆம் பிரிவு சொல்கிறது, உங்களுடையது சாதாரணமானது அல்ல என்று அவரிடமும் நிரூபிக்க வேண்டும்.

அதனால் நேராகவே சொல்கிறேன்: வழக்குப் போடாதீர்கள், சமரசம் பேசுங்கள். இன்றைக்குப் பேசினால் உங்கள் கை ஓரளவு ஓங்கியிருக்கிறது. வில்லங்கம் உள்ள நிலத்தை வாங்க வருபவர் தயங்குவார் என்பது அந்தப் பெண்ணின் வக்கீலுக்கும் தெரியும். கிரயம் முடிந்துவிட்டால் அந்தப் பலம் போய்விடும்.

கேபினும் பாதையும் அடங்கிய இடத்துக்குப் பல ஆண்டுக் குத்தகை கேளுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும், வெள்ளைத்தாளில் எழுதியது உதவாது. பதிந்த குத்தகை வாங்குபவரையும் கட்டுப்படுத்தும். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, கட்டியதைப் பெயர்த்து எடுக்கும் உரிமையும் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவின்படி குத்தகைதாரருக்கு உண்டு. அவள் மறுத்தால், பிரித்து எடுத்துப்போக ஆறு மாத அவகாசமும் அதற்கான செலவும் கேளுங்கள். போல்ட் போட்ட மரச்சட்டம் வேறு நிலத்தில் மறுபடி நிற்கும். அந்த நிலம் உங்கள் பெயரில் இருக்கட்டும். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது வழியே உங்களுக்கு நல்லது.

எந்த வழியானாலும் மகளோடு மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நண்பரின் மனைவி, மற்ற பிள்ளைகள் இருந்தால் அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவரோடு சமரசம் முடித்துப் பாதிக் கூரையைப் பிரித்த பிறகு இன்னொரு வாரிசு வந்து நிறுத்தியதும் நடந்திருக்கிறது.

நோட்டீஸுக்குக் கெடு முடிவதற்குள் உங்கள் வக்கீல் மூலம் பதில் போக வேண்டும். அதில் நிலம் நண்பருடையது என்பதை ஒப்புக்கொள்ளுங்கள், அவர் கொடுத்த அனுமதியை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள், பேச்சுவார்த்தைக்குத் தயார் என்று சொல்லுங்கள். கட்டடம் நிரந்தரமா இல்லையா என்பதைப் பற்றி இந்தக் கட்டத்தில் ஒரு சொல்லும் வேண்டாம்.