மீட்டர் போர்டைக் கழற்றும் முன்

கேள்வி: பழைய மாருதி 800 வைத்திருக்கிறேன். டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டாலும் முள் காலிக் கோட்டிலேயே படுத்துக் கிடக்கிறது. வெப்ப முள் சரியாக ஏறி இறங்குகிறது. மெக்கானிக், மீட்டர் போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா?
– வாசகர், கரூர்

பதில்: இப்போது வேண்டாம். வெப்ப முள் வேலை செய்கிறது என்றாலே ஃப்யூஸும் மீட்டருக்கு வரும் கரன்ட்டும் சரி. சந்தேகப்பட வேண்டியது டேங்க் பக்கத்தைத்தான்.

சாவியை ஆஃப் செய்துவிட்டு, டேங்க் மிதவைக்கு (பெட்ரோல் அளவை அறியும் யூனிட்) போகும் வயரின் கப்ளரை, அதாவது வயர் இணைப்பானை, பிரியுங்கள். மீட்டரிலிருந்து வரும் வயருக்கும் பெயின்ட் இல்லாத பாடி இரும்புக்கும் நடுவே 12 வோல்ட், 3.4 வாட் பல்பு ஒன்றை இணையுங்கள். பிறகு சாவியைப் போடுங்கள். பல்பு எரிந்து, சில நொடிகளில் முள் எழும்பினால் மீட்டர் நன்றாக இருக்கிறது. பல்பு இல்லாமல் வயரை நேராக எர்த் செய்யாதீர்கள், அதாவது பாடியில் தொடவிடாதீர்கள். கரன்ட் அதிகமாகப் பாய்ந்து, நன்றாக இருக்கும் மீட்டரும் கருகிவிடும். பெட்ரோல் ஆவி இருக்கும் இடம் என்பதால், சாவி ஆனில் இருக்கும்போது வயரைத் தொடுவதும் எடுப்பதும் கூடவே கூடாது. எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தெளிக்கும்) வண்டியானால் பம்ப் வயரும் அருகிலேயே இருக்கும், நிறம் பார்த்துப் பிரியுங்கள்.

மீட்டர் தேறிவிட்டதா? சாவியை ஆஃப் செய்து, மிதவையின் எர்த் வயரை மல்டிமீட்டரில் பாருங்கள். பாடிக்கும் அதற்கும் இடையே 1 ஓமுக்கு மேல் காட்டினால் எர்த் ஸ்க்ரூவைக் கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்து முடுக்குங்கள். பல வண்டிகளில் வேலை இதோடு முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் மிதவையை வெளியே எடுக்க வேண்டும். டேங்கில் கால்வாசிக்கும் குறைவாகப் பெட்ரோல் இருக்கும்போது திறப்பது நல்லது. மல்டிமீட்டரை இணைத்து, மிதவை மாட்டியிருக்கும் கம்பிக் கையை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தினால், டேங்க் நிறைந்த நிலையில் சில ஓமும் காலி நிலையில் 100 ஓமுக்கு மேலும் காட்ட வேண்டும். நடுவில் எங்காவது அளவு துண்டித்துப் போனால், தடைப் பட்டையின் மேல் உரசும் தொடுமுனை தேய்ந்திருக்கிறது. ஓம் சரியாக இருந்தும் முள் எழும்பாவிட்டால் மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பும் சத்தம் கேட்டால் ஓட்டை விழுந்து மூழ்கியிருக்கிறது. மிதவை யூனிட்டை மாற்றும்போது கேஸ்கெட்டும் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: எல்லா முட்களும் ஒரே நேரத்தில் செத்துவிட்டன. ஃப்யூஸ் மாற்றினால் மறுபடியும் போகிறது.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ரிவர்ஸ் கியர் போடும்போது போகிறதா என்று கவனியுங்கள். பல வண்டிகளில் மீட்டருக்கும் ரிவர்ஸ் விளக்குக்கும் ஒரே ஃப்யூஸ். கியர்பாக்ஸ் ஸ்விட்சுக்குப் போகும் வயர் உராய்ந்து பாடியில் தொட்டிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் பெரிய ஆம்பியர் ஃப்யூஸைச் செருகினால் வயரே எரியும்.

கேள்வி: வெப்ப முள் எப்போதும் குளிர்ச்சியிலேயே நிற்கிறது. அப்படியே ஓட்டலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தயவுசெய்து ஓட்டாதீர்கள். கூலன்ட் குறைந்து சென்சார் காற்றில் நின்றாலும், எஞ்சின் கொதிக்கும்போதுகூட முள் குளிர்ச்சியையே காட்டும். எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து அளவு பாருங்கள். அளவு சரியாக இருந்தால் சென்சாரைப் பாருங்கள். ஒற்றை வயர் சென்சாருக்கு அதன் மரையே எர்த். யாராவது டெஃப்லான் டேப்பைக் கனமாகச் சுற்றி மாட்டியிருந்தால் அந்த எர்த் கிடைக்காது. டேப்பை எடுத்து, மரையைத் துடைத்து மாட்டுங்கள். ஈ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) வழியாக முள் நகரும் புதிய வண்டிகளில் எந்த வயரையும் எர்த் செய்து பார்க்காமல், ஸ்கேனரில் கூலன்ட் வெப்ப அளவைப் படியுங்கள்.