துக்கக் கதையும் குடத்தின் முழக்கமும்

அன்புள்ள அண்ணனுக்கு,

இசை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எப்போதும் உற்சாகம் தரும் இசை. இல்லையென்றால் வாயில் வைத்து வாசிக்கும் மோர்சிங், உடுக்கை, வில்லுப்பாட்டுக் குடம் என்று அதிகம் யாரும் கண்டுகொள்ளாத வாத்தியங்கள். அப்பா தவறியபின் எனக்கு முகாரிதான் ஒட்டுகிறது. துள்ளலான பாட்டைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. உற்சாகம் மேலோட்டமான விஷயம் இல்லையா? இன்னொன்று, பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் மோர்சிங் படிக்க வேண்டும் என்கிறான். அது வேடிக்கைக்குத்தான் உதவும், கீபோர்டு படி என்கிறேன். சரிதானே?

ஒரு வாசகி, தக்கலை

அன்புள்ள தங்கைக்கு,

முகாரி ஒட்டுகிறதென்றால் முகாரியையே கேளுங்கள். துக்கத்தில் இருப்பவரிடம் போய்த் துள்ளச் சொல்வது அநியாயம்.

ஆனால் உற்சாகம் என்றதும் சந்தோஷமான வரிகளை நினைத்துக்கொள்கிறீர்கள். எனக்கு அது ஒலியில் இருக்கிற விஷயம். நம் மாவட்டத்துக் கோவில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டாக முத்துப்பட்டன் கதை கேட்டிருப்பீர்கள். பிராமணப் பையன், பொம்மக்கா திம்மக்கா என்ற சக்கிலியர் குலத்து அக்கா தங்கையைக் கட்டுகிறான்; மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான்; பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். இதைவிடத் துக்கம் என்ன வேண்டும்? கேட்கிற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். குடம் வேகம் பிடித்ததும் அதே பெண்களின் தலை தாளத்துக்கு ஆடுகிறது, சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வருகிறது. விடிய விடியச் சாவின் கதை கேட்டவர்கள் தெம்பாக வீட்டுக்குப் போகிறார்கள்.

இது எப்படி நடக்கிறது என்று குடம் அடிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். ஒரு கையால் தட்டையான மட்டையைக் குடத்தின் வாயில் அடிக்கிறார். உள்ளே அடைபட்ட காற்று அமுங்கி விரிந்து, வயிற்றில் வந்து மோதுகிற அடித்தொனி பிறக்கிறது. மறுகையில் ஒரு நாணயம். அதைக் குடத்தின் உடம்பில் தட்டும்போது சுட்ட மண்ணின் கணீர் ஒலி. முதன்மைப் பாடகரான அண்ணாவி வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டத் தட்ட வில்லில் கட்டிய மணிகள் குலுங்குகின்றன. அடியில் குடம், உச்சியில் மணியும் ஜால்ராவும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடம் முழுக்கப் பாடுகிறவரின் குரலுக்கு. கல்யாண வீட்டிலும் சர்ச்சிலும் கானமேளாவிலும் வாசித்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு துல்லியமான வாத்திய ஒழுங்கு எனக்குத் தெரிந்து குறைவு. துக்கக் கதையைச் சொல்லும் குரலைக் கீழிருந்து குடம் தூக்கிப் பிடிக்கிறது. நான் சொல்லும் உற்சாகம் இதுதான். ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் (1908–1957) காந்தியின் கதையையே வில்லில் பாடினார். சுடலைமாடனைத் தாங்கிய ஒலிக்குக் காந்தியையும் தாங்க முடிந்தது.

கீபோர்டிலும் குடத்தின் ஒலி கிடைக்கும். தொழிலுக்கு அது வேண்டும், நானும் வாசிக்கிறேன். ஆனால் ஒரே விசையை எத்தனை முறை தொட்டாலும் பதிவாகியிருக்கும் அந்த ஒலிதான் வரும். மண்குடத்தில் மட்டை விளிம்பில் பட்டால் ஒன்று, நடுவில் பட்டால் வேறொன்று.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். மோர்சிங் வேடிக்கைப் பொருள் இல்லை, தங்கச்சி. அதன் இரும்பு நாக்குக்கு ஒரே சுருதிதான். வாயின் உட்குழிவையும் நம் நாக்கின் நிலையையும் மாற்ற மாற்ற, அந்த ஒரே சுருதிக்குள் ஒளிந்திருக்கும் உயர்ந்த துணை ஒலிகளான மேல்தொனிகள் ஒவ்வொன்றாக எழும்புகின்றன. மூச்சை இழுத்து விட்டால் ஒலிக்கு நீளம் கூடும். அவன் உடம்பே வாத்தியத்தில் பாதி! பதினைந்து வயதில் ஒரு பையன் தன் காதால் இதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய விஷயம். கீபோர்டும் படிக்கட்டும், ஆனால் இதைத் தடுக்காதீர்கள்.

முதலில் தகதிமி போன்ற மிருதங்கச் சொற்களை வாயால் சொல்லிப் பழகட்டும். மோர்சிங்குக்கும் அதே சொற்கள்தான். வாங்கும்போது இரும்பு நாக்குக்கும் அதன் இருபக்கக் கம்பிகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறுகலாக, இருபுறமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். வாசிக்கும்போது கம்பிகள் முன்பற்களில் பதியலாம், ஆடும் இரும்பு நாக்கு பல்லில் படக்கூடாது. சுருதி கூடுதலாக இருந்தால் நாக்கின் நுனியில் கொஞ்சம் தேன்மெழுகு ஒட்டினால் இறங்கும். ஒரு மிருதங்க ஆசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். அவன் வாசித்ததை எனக்கும் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள், ஆசையோடு கேட்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்