கைமில் வாங்கும் முன் அச்சை ஆட்டிப் பாருங்கள்

கேள்வி: ஐயா, யாங்கோனில் தாமுவேயில் இருக்கிறோம். வீட்டில் ஃபில்டர் காபிதான். நாத்தனார் ஷான் மலையில் காபி விளையும் யுவாங்கன் பக்கமிருந்து வறுத்த கொட்டை கொண்டுவருவார், மிக்ஸியில் அரைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கரண்ட் வரும் நேரமும் காபி குடிக்கும் நேரமும் ஒத்துவருவதில்லை. போனில் லைவ் போட்டு விற்கும் ஒருவர், பீங்கான் பல் வைத்த கைமில் (கையால் சுற்றிக் காபிக் கொட்டை அரைப்பது) இருக்கிறது, ஜப்பான் சரக்கு, ஸ்டீல் என்றால் சூடேறி மணம் போய்விடும் என்கிறார். பாதிப் பணம் முன்னால் அனுப்பச் சொல்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஸ்டீல் பல் வைத்த மில் வாங்கி வருகிறேன் என்கிறான், விலை ஐந்து மடங்கு. எதை வாங்குவது? நல்ல மில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முன்பணம் அனுப்பாதீர்கள் அம்மா. மீதியைப் பிறகு பேசுவோம்.

நான் காபி ருசி பார்த்து மார்க் போடுகிறவன் இல்லை. லேத் வைத்திருக்கும் கடைசல்காரன். கிரைண்டர், மாவு மெஷின், மிளகாய் மெஷின் என்று சுற்றுகிற சாமான் எல்லாம் என்னிடம் வரும். இரண்டு மூன்று வருஷமாகக் கைமில்களும் வருகின்றன. வருகிறதில் பாதி, லைவில் வாங்கியவைதான்.

உங்கள் பாட்டி வீட்டில் திரிகை இருந்திருக்கும். கீழ்க்கல் நடுவில் ஒரு முளை, அதைச் சுற்றி மேல்கல். முளை தேய்ந்து ஆட்டம் கண்டால் என்ன ஆகும்? ஒரு பக்கம் கல் நெருங்கி மாவாக்கும், எதிர்ப்பக்கம் விலகிக் குருணையாகத் தள்ளும். ஒரே பிடி உளுந்தில் மாவும் வரும் குருணையும் வரும். கைமில்லும் இதே கதைதான். உள்ளே கூம்பு மாதிரி ஒரு பல், வெளியே வளையமாக ஒரு பல், கொட்டை நடுவில் சிக்கி உடைந்து கீழே இறங்குகிறது. உள்பல் நடுவில் ஆடாமல் நின்றால் தூள் ஒரே அளவாக இருக்கும். ஆடினால் திரிகையின் கதி. மிக்ஸிக்கு அந்தப் பேச்சே கிடையாது, பிளேடு கண்ட இடத்தில் அடிக்கும்.

ஃபில்டருக்கு இது ஏன் முக்கியம் என்றால், மாவு கீழ்த்தட்டு ஓட்டையை அடைக்கும். தண்ணீர் மேலேயே நிற்கும், சொட்டுச் சொட்டாக இறங்குகிற டிகாஷன் கசக்கும். குருணையோ சாரத்தை விடாது, வெளுத்துப் புளிக்கும். இரண்டும் சேர்ந்து ஒரே டம்ளரில் வந்தால், கொட்டை சரியில்லை என்று நாத்தனாரைத்தான் திட்டுவீர்கள்.

இப்போது அந்த வியாபாரி சொன்னதற்கு வருவோம். ஸ்டீல் சூடேறுமாம். கையால் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுவீர்கள்? எழுபது, எண்பது, கோபத்தில் இருந்தால் நூறு. கடையில் இருக்கும் மோட்டார் மில் ஆயிரத்துக்கு மேல் சுற்றும், அங்கே சூட்டைப் பற்றிப் பேசலாம். உங்கள் கைக்குச் சூடேறுமே தவிர மில்லுக்கு ஏறாது. பீங்கான் துருப்பிடிக்காது, அது உண்மை. ஆனால் கீழே விழுந்தாலும் கொட்டையோடு ஒரு சின்னக் கல் வந்தாலும் அதன் விளிம்பு தெறிக்கும். வீசைக் கணக்கில் வரும் நாட்டுச் சரக்கில் கல் கிடப்பது புதிதில்லை. (வீசை நம் ஊர்ச் சொல்தான். பர்மாவில் அது 1.6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.) அடுத்தது ஜப்பான் சரக்கு. பீங்கான் பல் மில் செய்யும் ஜப்பான் கம்பெனிகள் உண்டு, ஹாரியோ, போர்லெக்ஸ் என்று. பொய்யில்லை. ஆனால் பெட்டியில் ஜப்பான் எழுத்து அச்சடிக்க யாரும் ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. தூளின் பதத்தை மாற்ற நாற்பது செட்டிங் இருக்கிறது என்று அடுத்து சொல்வார். நாற்பதில் நீங்கள் தொடப்போவது மூன்றோ நாலோ.

பீங்கானா ஸ்டீலா என்பது இரண்டாவது கேள்வி. உள்பல்லைச் சுற்றும் நடுக்கம்பி, அதாவது அச்சு, எதில் உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள். மலிவு மில்லில் நடுக்கம்பியை ஒரே ஒரு பிளாஸ்டிக் புஷ்தான் (கம்பி நுழையும் வளையம்) பிடித்துக்கொண்டிருக்கும், கீழ்முனை தொங்கும். நல்ல மில்லில் மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு இடத்தில் பேரிங் இருக்கும். விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது.

போன மழைக்கு ஒரு தம்பி மில் கொண்டுவந்தான், வாங்கி நாலு மாசம்கூட ஆகவில்லை. கைப்பிடியைக் கழற்றிக் கம்பியைப் பிடித்து ஆட்டினால் பல்லாடும் கிழவர் மாதிரி ஆடுகிறது. புஷ்ஷைத் தட்டி எடுத்தேன். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது. பித்தளையில் ஒரு புஷ் கடைந்து போடலாம் என்று லேத்தின் சக்கில் மாட்டி உள்விட்டம் பாதி எடுக்கும்போது கரண்ட் போயிற்று. மறுநாள் வந்தது, இருபது நிமிஷம். மூன்றாம் நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுந்து முடித்தேன். கரண்ட் இல்லாததால் கைமில் வாங்குகிறார்கள், அந்தக் கைமில்லைச் சரிசெய்ய எனக்குக் கரண்ட் வேண்டியிருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சரி, மில் கைக்கு வந்ததும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கைப்பிடியைக் கழற்றுங்கள். நடுக்கம்பியை இரண்டு விரலால் பிடித்து இடமும் வலமும் தள்ளுங்கள். மயிரிழை அசைந்தால் பரவாயில்லை. கண்ணுக்குத் தெரிந்தால் வேண்டாம். பிறகு பல்லை நன்றாக இறுக்கி, கைப்பிடி நிற்கும் இடம்வரை கொண்டுபோய், அங்கிருந்து செட்டிங் திருகை ஒவ்வொரு கிளிக்காகத் தளர்த்திக்கொண்டே கொட்டை போடாமல் சுற்றுங்கள். காதைப் பக்கத்தில் வையுங்கள். முதல் கிளிக்கில் சுற்று முழுக்க உரசினால் ஒன்றுமில்லை. நாலைந்து கிளிக் தளர்த்திய பிறகும் சுற்றுக்கு ஒரு தடவை ‘சர்’ என்று ஒரே இடத்தில் உரசினால் பல் நடுவில் உட்காரவில்லை என்று பொருள். துடைக்க என்று பல்லைக் கழற்றி மாட்டினால், நிற்கும் இடம் பழையபடி அதே எண்ணுக்கு வருகிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாகப் பத்து கிராம் கொட்டையை ஃபில்டருக்கு வேண்டிய பதத்தில் அரைத்து வெள்ளைக் காகிதத்தில் பரப்புங்கள். நைஸ் ரவை மாதிரி இருக்க வேண்டும். டீ வடிகட்டியில் போட்டு மெல்லத் தட்டினால் மேலே குருணை எவ்வளவு நிற்கிறது என்று தெரியும். காகிதத்தைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, ஒட்டிக்கொண்டிருக்கும் மாவையும் பாருங்கள். இரண்டும் கொஞ்சம் இல்லாத மில் உலகத்தில் இல்லை, அதனால் பயப்படாதீர்கள். மிக்ஸித் தூளைப் பக்கத்தில் ஒரு காகிதத்தில் வைத்துப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. மலிவுப் பீங்கான் மில் உங்களுக்கு ஒத்துவரவும் வரலாம். எப்போது? பல் இறுக்கமாக இருக்கும்போது கம்பி ஆட இடம் குறைவு, தூள் ஓரளவு ஒன்றாக வரும். தளர்த்தத் தளர்த்தத்தான் ஆட்டம் கூடி, குருணையும் மாவுமாகப் பிரியும். ஃபில்டர் காபிக்கு நாம் அரைப்பது சின்னப் பதம், ஆகையால் அதன் கெட்ட குணம் முழுதாக வெளியே வராது. கொட்டையும் நன்றாகக் கறுக்க வறுத்ததாக இருக்க வேண்டும், அது பொருபொருவென்று உடையும். இளம்வறுவல் என்றால் கல் மாதிரி இருக்கும், பீங்கான் பல் வழுக்கும், தோள் கழன்றுவிடும். ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கு மட்டும், அதுவும் கறுத்த வறுவல், அதுவும் ஃபில்டருக்கு மட்டும் என்றால் வாங்கலாம். நாளைக்குப் பேரன் பேப்பர் வைத்து மேலே தண்ணீர் ஊற்றிக் குடிக்கிற காபி வேண்டும் என்று பல்லைத் தளர்த்தினால் அன்றைக்குத் தெரியும் அதன் லட்சணம். அப்படி வாங்குவதானாலும் கடைக்குப் போய்க் கம்பியை ஆட்டிப் பார்த்து வாங்குங்கள், லைவில் வேண்டாம். லைவில் கம்பியை ஆட்ட முடியாது, அதனால்தான் அவர் லைவில் விற்கிறார்.

எஸ்பிரஸ்ஸோ மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதில் இல்லை.

மகன் வாங்கிவரட்டும். இங்கே இறக்குமதியாகிக் கடையில் நிற்கிற மில் ஒவ்வொன்றும் எத்தனை கை மாறி வந்தது என்று பெட்டிக்கே தெரியாது. டாலர் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. லைசென்ஸ், கையெழுத்து, கேரி போட்டு, அதாவது தன் பயண மூட்டையில் வைத்துக் கொண்டுவருகிறவர், அவருக்குத் தெரிந்தவர் என்று ஒவ்வொரு கையும் விலையில் ஒரு விரலை வைத்துவிட்டுத்தான் போகிறது. நானே ஒரு கேரிக்காரரை நம்பி இரண்டு ஸ்டீல் மில்லுக்குப் பணம் கட்டினேன். ஏழு வாரம் கழித்துப் பெட்டி வந்தது. மேலட்டையில் நான் கேட்ட பெயர், உள்ளே வேறு சாமான். கேட்டால் ‘அண்ணே, ரெண்டும் ஒரே ஃபேக்டரி’ என்றார். சுற்றுகிற சாமானைப் பற்றி என்னிடமே!

மகனிடம் சீனாவின் டைம்மோர் சி2 அல்லது சி3 பார்க்கச் சொல்லுங்கள், 38 மில்லிமீட்டர் ஸ்டீல் பல், உங்களுக்கு அது போதும். தைவானின் ஒன்-ஸீ-பிரெஸ்ஸோ, ஜெர்மனியின் கொமாண்டான்டே எல்லாம் அதற்கு மேலே. நல்ல சாமான்தான், ஆனால் ஃபில்டர் காபிக்கு அவ்வளவு பணம் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டைம்மோரில் ஒரு தடவைக்கு இருபது கிராமுக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். நாலு பேர் என்றால் இரண்டு தடவை சுற்ற வேண்டும், இரண்டாவது தடவையை வீட்டு ஆண்களிடம் கொடுங்கள்.

ஸ்டீல் பல்லைத் தண்ணீரில் கழுவாதீர்கள், நம் ஊர் மழைக்காலத்தில் காயவே காயாது. சின்ன பிரஷ் போதும். அரிசி போட்டுச் சுற்றிச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது சொல்வார்கள், பச்சரிசி காபிக் கொட்டையைவிடக் கடினம், வேண்டாம். மிளகு கூடவே கூடாது. ஒரு அம்மா ரசத்துக்கு ஒரே ஒரு தடவை மிளகு போட்டுவிட்டு என்னிடம் கொண்டுவந்தார். பல்லை மூன்று முறை பிரித்துத் தேய்த்தேன், அந்த வீட்டுக் காபியில் இன்னும் மிளகு வாசம் வருகிறதாம். சிக்கரியையும் மில்லில் போடாதீர்கள். ஈரத்தை இழுத்துப் பல்லிடுக்கில் பிசினாக ஒட்டும், அரைத்த பிறகு தனியே கலந்துகொள்ளுங்கள்.

மில் வந்ததும் நிற்கும் இடத்திலிருந்து பன்னிரண்டு கிளிக் தளர்த்தி ஆரம்பியுங்கள். கொதிநீர் ஊற்றிக் கால் மணி, இருபது நிமிஷத்துக்குள் டிகாஷன் இறங்கிவிட்டால் பதம் சரி. அரைமணி கழித்தும் மேலே நின்றால் இரண்டு கிளிக் தளர்த்துங்கள், ஐந்து நிமிஷத்தில் ஓடிவிட்டால் இரண்டு இறுக்குங்கள்.