மூக்கில் இருந்த கொம்பு

கே: என் 7 வயது மகளிடம் இரண்டு டைனோசர் புத்தகங்கள். நான் சின்ன வயதில் படித்ததில் ஒரு விலங்குக்குப் பல்லித் தோல், புதியதில் அதற்கே இறகு. "இதுல எதும்மா பொய்?" என்கிறாள். என்ன சொல்வது?

ப: இரண்டுமே பொய் இல்லை என்று சொல்லுங்கள். பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இரண்டையும் அருகருகே விரித்து வையுங்கள். 1996-ல் சீனாவிலிருந்து சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சின்ன டைனோசரின் புதைபடிவம் வெளிவந்தது. எலும்பைச் சுற்றி இறகு போன்ற மெல்லிய இழைகளின் தடம் இருந்தது. அதற்கு முன்னால் வரைந்தவர் அன்றைக்குத் தெரிந்ததை வரைந்தார், அவ்வளவுதான். 2010-ல் அந்த இழைகளில் தங்கியிருந்த நிறமித் துகள்களை நுண்ணோக்கியில் பார்த்து, வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் இருந்திருக்கும் என்றார்கள். ஆகவே அந்த வாலின் நிறத்துக்கு ஆதாரம் உண்டு. அதே பக்கத்தில் நிற்கும் மற்ற விலங்குகளின் பச்சை, பெரும்பாலும் ஓவியரின் டப்பாவில் இருந்த பச்சை.

மகளுக்கு இன்னும் பிடிக்கப்போவது இகுவானோடான் கதை. இங்கிலாந்து மருத்துவர் கிடியன் மாண்டல் சில பற்களை வைத்து 1825-ல் அதற்குப் பெயர் சூட்டினார். அப்புறம் கூம்பு மாதிரி ஓர் எலும்பு கிடைத்தது. எங்கே பொருத்துவது? காண்டாமிருகம்போல மூக்கின் மேல் வைத்து வரைந்துவிட்டார். 1878-ல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில், 300 மீட்டருக்கும் கீழே, முழு எலும்புக்கூடுகளே வந்தன. பார்த்தால் அந்தக் கூம்பு கைக்கு ஒன்று: அது கட்டைவிரல்! லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் 1854-ல் வைத்த சிலைகள் மட்டும் இன்றைக்கும் மூக்குக் கொம்போடுதான் நிற்கின்றன.

கே: குகை மனிதன் டைனோசரை வேட்டையாடும் படம் போட்ட புத்தகம் வாங்கலாமா?

ப: வேண்டாம். இரண்டு பேருக்கும் நடுவே 6 கோடி ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. கொஞ்சம் கூச்சத்தோடுதான் இதை எழுதுகிறேன், படம் வரைந்து பிழைத்த காலத்தில் அப்படி ஒன்றை நானே வரைந்து கொடுத்திருக்கிறேன். "ஆக்‌ஷன் வேணும் சார்" என்றார் பதிப்பாளர். மனிதன் கையில் தடியைக் கொடுத்துவிட்டேன்.

கே: கடையில் நின்றபடியே நல்ல புத்தகத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

ப: நடுப்பக்கத்துப் பெரிய படத்தில் மயங்காதீர்கள். கண்டுபிடிப்பைச் சொல்லும் பக்கத்தைத் தேடுங்கள். உதாரணத்துக்கு லூசி, மனிதனின் பழைய மூதாதை இனத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணின் எலும்புக்கூடு. 1974-ல் எத்தியோப்பியாவின் ஹடாரில் கிடைத்தவள், வயது சுமார் 32 லட்சம் ஆண்டு. அவளுடைய எலும்புக்கூட்டில் ஏறக்குறைய 40 சதவீதம்தான் கையில் இருக்கிறது. நேர்மையான புத்தகம் கிடைத்த எலும்பை ஒரு நிறத்திலும் ஊகித்து நிரப்பியதை வேறு நிறத்திலும் காட்டும். எல்லாம் ஒரே நிறமென்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இன்னொன்று, ஆதிமனிதன் ஓவியம் தீட்டிய அல்தமிரா குகை. 1879-ல் ஸ்பெயினில் தொல்லியல் ஆர்வலர் சவுதுவோலா அந்தக் குகையின் தரையைக் கிளறிக்கொண்டிருந்தார். கூடப் போயிருந்த அவருடைய சின்ன மகள் மரியா அண்ணாந்து பார்த்தாள், கூரையெல்லாம் காட்டெருமை ஓவியங்கள். இந்தக் காட்சியை எல்லாரும் அழகாக வரைந்துவிடுகிறார்கள், அத்தோடு பக்கமும் முடிந்துவிடுகிறது. நான் பார்ப்பது அடுத்த பக்கத்தை. ஆதிமனிதனுக்கு இவ்வளவு கை வருமா என்று அறிஞர்கள் நம்பவில்லை. சவுதுவோலா 1888-ல் இறந்துபோனார். மறுத்தவர்களில் முக்கியமானவரான பிரெஞ்சுத் தொல்லியலாளர் கார்த்தையாக், தான் தவறிவிட்டதாக 1902-ல் கட்டுரையே எழுதினார். அந்த 1902 இருக்கிற புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள்.